உதயம்பேரூரில் எரிந்த ஏடுகள்





ஜூலை 3ஆம் நாள் திருத்தூதர் புனித தோமையாரின் விழாவைக் கொண்டாட இருக்கின்றோம். இவ்வாண்டு அவ்விழாவுக்கு முன்பாக ஒரு வரலாற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். சற்று நீண்ட பதிவுதான். பொறுமையோடு இறுதிவரை வாசிக்குமாறு வேண்டுகிறேன்.

இதை எழுதத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி. சில வாரங்களுக்கு முன் ஞாயிறு திருப்பலி முடிந்து, மண்டபத்தில் காப்பி அருந்திக்கொண்டிருந்தோம். ஈராக் நாட்டிலிருந்து வந்த குடும்பம் ஒன்று அன்று புதிதாக நம்மோடு அமர்ந்திருந்தது. கிழக்கின் அசீரியத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய ஆலயம் இங்கிருந்து தொலைவில் இருப்பதால் நம் திருப்பலிக்கு வந்திருந்தார்கள். அக்குடும்பத்து மூதாட்டி நற்கருணை பெற்றதைக் கண்ட நம் பெரியவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "சுவாமி, அவை நெஸ்தோரியர் எண்டு யூரியூப்பில ஒருத்தர் சொல்லுறார். பதிதருக்கு நன்மை குடுக்கலாமோ?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. நற்கருணை மீதுள்ள பக்தியினால்தான் கேட்டார். கொடுக்கலாம் என்று ஒரு சொல்லில் அன்று விடையளித்தேன். ஆயினும் 'பதிதர்' என்ற அந்தச் சொல் என் உள்ளத்தை விட்டு அகலவில்லை. அச்சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் நம் திருச்சபைக்கும் நம் மண்ணுக்கும் பங்கு உண்டு.

முதலில், துன்புறுத்தப்பட்டவர்கள் என்ற முறையில் நாம் அறிந்தவற்றை நினைவுகூர்வோம். ஹோர்சன்ஸ் நகரின் நடுவே நிற்கும் குளோஸ்டர் ஆலயத்தை உங்களில் பலர் கடந்து சென்றிருப்பீர்கள். 'குளோஸ்டர்' என்றால் துறவற மடம். 13ஆம் நூற்றாண்டில் பிரான்சிஸ்கன் துறவியர் இங்கு வந்து மடம் அமைத்தார்கள். 1530களில் சீர்திருத்த அலை எழுந்தபோது அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். மடத்தின் ஆலயம் லூத்தரன் ஆலயமாயிற்று. 1683ஆம் ஆண்டு மன்னர் ஐந்தாம் கிறிஸ்தியான் வெளியிட்ட டேனிய சட்டத் தொகுப்பு, கத்தோலிக்கத் துறவியரும் இயேசு சபையினரும் நாட்டுக்குள் காணப்பட்டால் மரண தண்டனை என்று விதித்தது. 1849ஆம் ஆண்டு அரசியலமைப்புத்தான் எல்லாருக்கும் வழிபாட்டுச் சுதந்திரம் அளித்தது. அதற்கு முன் பிறந்திருந்தால், இந்நகரில் உங்களுக்குத் திருப்பலி நிறைவேற்றும் நான் உயிருக்கு அஞ்சி மறைந்து வாழ்ந்திருப்பேன்.

நம் யாழ்ப்பாணத்துக் கதை இன்னும் நெருக்கமானது. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் கத்தோலிக்கக் குருக்கள் துரத்தப்பட்டார்கள். குருவுக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று ஆணை பிறந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் குருவில்லாமல், இரவில் கதவைச் சாத்திக்கொண்டு செபமாலை சொல்லி நம் முன்னோர் விசுவாசத்தைக் காத்தார்கள். 1687இல் கோவாவிலிருந்து ஏழைத் தொழிலாளி வேடத்தில் வந்து இறங்கிய யோசேப் வாஸ் அடிகளார், சில்லாலையில் மறைந்திருந்து மக்களைத் தேற்றினார். 2015 சனவரி 14 அன்று கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தியபோது உங்களில் பலர் தொலைக்காட்சி முன் அமர்ந்து கண்ணீர் விட்டீர்கள்.

இந்த வரலாற்றை நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். சொல்லவும் வேண்டும். ஆனால் யோசேப் வாஸ் அடிகளார் புறப்பட்டு வந்த அதே கோவாவிலிருந்து, அவருக்கு ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் வேறொரு பயணம் புறப்பட்டது. அதை நாம் சொல்வதில்லை. நான் படித்த குருமடத்தில் அது பாடநூலில் அரைப்பக்கம். "மலபார்க் கிறிஸ்தவர்களின் தப்பறைகள் திருத்தப்பட்டன" என்ற அளவில் முடிந்துவிட்டது. தேர்வுக்கு அவ்வளவே போதுமானதாக இருந்தது.

திருத்தூதர் தோமையார் கி.பி. 52இல் கொடுங்கல்லூரில் கரையிறங்கினார் என்பதும், மயிலாப்பூரில் மறைச்சாட்சியாக உயிர் நீத்தார் என்பதும் தென்னிந்தியக் கிறிஸ்தவர்களின் தொன்மையான மரபு. அவருடைய வழிமரபினராகத் தங்களைக் கருதும் கேரளக் கிறிஸ்தவர்கள், பல நூற்றாண்டுகளாக மெசப்பொத்தாமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், தலைமை கொண்டிருந்த கிழக்கின் திருச்சபையோடு உறவு பூண்டிருந்தார்கள். அங்கிருந்து ஆயர்கள் கப்பலேறி வந்தார்கள். வழிபாடு சிரிய மொழியில் நடந்தது. அது ஆண்டவர் இயேசு பேசிய அரமேய மொழியின் ஒரு கிளை. கி.பி. 849இல் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு வேணாட்டு ஆட்சியாளர் அளித்த செப்பேடு இன்றும் உள்ளது. சென்னைப் பரங்கிமலையில் நீங்கள் முத்தி செய்யும் கற்சிலுவையைச் சுற்றி இருப்பது பாரசீகப் பகலவி எழுத்து. ஐரோப்பியர் நம் கடலைக் காண்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நம் மண்ணில் சிலுவை நின்றது என்பதற்கு அவை சான்று.

இந்த உறவிலிருந்துதான் சிக்கல் எழுந்தது. கி.பி. 431இல் எபேசு நகரில் கூடிய பொதுச்சங்கம், கொன்ஸ்தாந்திநோப்பிள் நகரத்து முதுபெரும் தந்தை நெஸ்தோரியுவைக் கண்டித்தது. அன்னை மரியாவைக் 'கடவுளின் தாய்' என்று அழைப்பதற்கு அவர் தயங்கினார். 'கிறிஸ்துவின் தாய்' என்பதே பொருத்தம் என்றார். கிறிஸ்துவை இரண்டு ஆள்களாகப் பிரிக்கிறார் என்று அவர்மீது குற்றம் சாட்டப்பட்டது. உரோமைப் பேரரசுக்கு வெளியே, பாரசீகப் பேரரசில் வாழ்ந்த கிழக்கின் திருச்சபை அக்கண்டனத்தை ஏற்கவில்லை. அன்றிலிருந்து அத்திருச்சபை முழுவதன்மீதும் 'நெஸ்தோரியர்' என்ற பெயர் ஒட்டப்பட்டது. கேரளத்து ஊர்களில் மிளகும் தென்னையும் பயிரிட்டு, தோமையாரின் பெயரைச் சொல்லிச் செபித்த எளிய மக்கள்மீதும் அதே பெயர் ஒருநாள் வந்து விழுந்தது.

தவறான போதனையைச் சுட்டிக்காட்டுவது திருச்சபையின் கடமை. திருத்தூதர் பவுல் காலத்திலிருந்தே அது உண்டு. ஆனால் இடைக்கால ஐரோப்பாவில் அக்கடமையோடு வாளும் நெருப்பும் சேர்ந்துகொண்டன. 1184இல் வெரோனாவில் திருத்தந்தை மூன்றாம் லூசியஸ் வெளியிட்ட ஆணை, வறுமையைப் போதித்த லியோன் நகரத்து வால்தோவின் சீடர்களையும் கத்தாரி குழுவினரையும் சபித்து, அவர்களை அரச அதிகாரத்திடம் ஒப்படைக்க வழிசெய்தது. 1209இல் தென்பிரான்சில் பெசியே நகரம், புனித மகதலா மரியாவின் திருநாளன்று, சிலுவைப் போர்வீரர்களால் சூறையாடப்பட்டது. குடிமக்கள் வேறுபாடின்றிக் கொல்லப்பட்டார்கள். 1231 முதல் திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி தனி விசாரணையாளர்களை நியமித்தார். 1244இல் மோன்செகூர் மலைக்கோட்டையின் அடிவாரத்தில் 200க்கும் மேற்பட்ட கத்தாரிகள் எரிக்கப்பட்டார்கள். தப்பறையை அன்பினால் திருத்த இயலாதபோது அச்சத்தினால் அடக்கலாம் என்னும் எண்ணம் இவ்வாறு சட்டமாகி, வழக்கமாகி, இறுதியில் பக்தியாகவும் ஆகிவிட்டது.

அந்த வழக்கம் போர்த்துக்கேயரோடு கப்பலேறி இந்தியாவுக்கு வந்தது. வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோட்டை அடைந்தார். தொடக்கத்தில் தோமையார் கிறிஸ்தவர்கள் போர்த்துக்கேயரைச் சகோதரராகவே வரவேற்றார்கள். ஈராக்கிலிருந்து வந்திருந்த ஆயர் மார் யாக்கோபு, போர்த்துக்கேயருக்கும் தம் மக்களுக்கும் இடையே பாலமாகப் பல்லாண்டு உழைத்தார். நம் பாசத்துக்குரிய புனித சவேரியார் 1549இல் போர்த்துக்கல் மன்னருக்கு எழுதிய மடலில், இந்த முதிய ஆயரின் நற்பண்பைப் புகழ்ந்து, அவருக்கு உதவுமாறு பரிந்துரைத்தார். அதே சவேரியார்தான் மூன்று ஆண்டுகளுக்கு முன், 1546இல், கோவாவில் விசாரணை மன்றம் அமைக்குமாறு அம்மன்னரைக் கேட்டு எழுதியிருந்தார். இரண்டு மடல்களும் ஒரே கையால் எழுதப்பட்டவை. புனிதர்களும் தம் காலத்தின் பிள்ளைகளே என்பதை மறைக்காமல் ஏற்றுக்கொள்வோம். கோவா விசாரணை மன்றம் அவருடைய இறப்புக்குப்பின் 1560இல் தொடங்கி, இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, 1812வரை நீடித்தது.

மார் யாக்கோபுக்குப் பின் வந்த ஆயர்களின் நிலையைக் கவனியுங்கள். 1553இல் கிழக்கின் திருச்சபையின் ஒரு பகுதியினர் உரோமைக்குச் சென்று திருத்தந்தையோடு ஒன்றித்தார்கள். கல்தேயக் கத்தோலிக்கத் திருச்சபையின் தோற்றம் அதுவே. அந்த ஒன்றிப்பிலிருந்து இந்தியாவுக்கு வந்தவர் மார் யோசேப்பு. அவரையும் தப்பறையாளர் என்று பிடித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். அவர் 1569இல் உரோமையில் இறந்தார். அடுத்து வந்த மார் ஆபிரகாம் உரோமைக்கே சென்று, திருத்தந்தை நான்காம் பயஸின் ஒப்புதல் மடல்களோடு திரும்பி வந்தார். அப்படியிருந்தும் கோவாவில் தடுத்து வைக்கப்பட்டார். அங்கிருந்து தப்பி மலபார் சென்று, அங்கமாலியில் தம் மக்களிடையே வாழ்ந்து, 1597இல் கண்மூடினார். திருத்தந்தையின் கையொப்பம் கையில் இருந்தும் அவர் பதிதராகவே நோக்கப்பட்டார் என்பதை எண்ணிப் பாருங்கள். அவர்களுடைய விசுவாசத்தைவிட, அவர்களுடைய மொழியும் வழிபாடும் தலைமையும் வேறாக இருந்ததே பெரிய குற்றமாகத் தெரிந்தது.

மார் ஆபிரகாம் இறந்ததும் கோவாவின் பேராயர், அகுஸ்தீன் சபைத் துறவி அலெய்சோ டெ மெனேசிஸ், இச்சமூகத்தைத் தம் அதிகாரத்தின்கீழ் கொண்டுவரத் தாமே புறப்பட்டார். 1599இன் தொடக்கத்தில் கொச்சியில் இறங்கி, ஊர் ஊராகச் சென்றார். அவர் சோம்பேறியோ கொடுங்கோலரோ அல்லர். நோயாளிகளைச் சந்தித்தார், ஏழைகளுக்குக் கொடுத்தார், களைப்பின்றிப் பயணம் செய்தார். தாம் செய்வது ஆன்மாக்களின் மீட்புக்கே என்று உறுதியாக நம்பினார். அதனால்தான் இவ்வரலாறு என்னை அச்சுறுத்துகிறது. தீய மனிதர் செய்த தீமையை எளிதாக ஒதுக்கிவிடலாம். பக்தியுள்ள ஒருவர் செய்த தீமையில் என் முகத்தையும் நான் காண்கிறேன்.

மெனேசிஸ் அறிவித்த சங்கம் 1599 ஜூன் 20 முதல் 26 வரை, கொச்சிக்குத் தெற்கே உதயம்பேரூர் ஆலயத்தில் கூடியது. 153 குருக்களும் ஏறத்தாழ 660 பொதுநிலையினரும் வந்திருந்தார்கள். உள்ளூர்க் குருக்களின் தலைவராக இருந்தவர் அர்க்கதியாக்கோன் கீவர்கீஸ். அர்க்கதியாக்கோன் என்பது தலைமைத் திருத்தொண்டரைக் குறிக்கும் சொல். ஆயர் இல்லாத வேளையில் சமூகத்தை வழிநடத்துபவர் அவரே. நெடுநாள் எதிர்த்து நின்ற அவர், பல பக்கத்து நெருக்கடிக்கு உள்ளாகி இறுதியில் பணிந்தார். தீர்மானங்கள் முன்னரே போர்த்துக்கேய மொழியில் எழுதப்பட்டு, மலையாளத்தில் வாசிக்கப்பட்டன. நூற்றுக்கணக்கான விதிகள் ஒரே வாரத்தில் நிறைவேறின. கலந்துரையாடல் என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. 1958இல் உரோமையில் தம் ஆய்வு நூலை வெளியிட்ட கேரளக் கத்தோலிக்கக் குரு யோனாஸ் தாலியத், இச்சங்கம் திருச்சபைச் சட்டப்படி செல்லாதது என்றே முடிவு செய்தார்.

சூனியத்தையும் குறிபார்த்தலையும் கண்டித்தது போன்ற நல்ல விதிகளும் அத்தீர்மானங்களில் இருந்தன. அதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் அவற்றோடு என்னென்ன வந்தன என்பதைப் பாருங்கள். திருப்பலியில் பாபிலோனிய முதுபெரும் தந்தையின் பெயரைச் சொல்லக்கூடாது. தோமையாரின் மரபு வேறு, பேதுருவின் மரபு வேறு என்று சொல்வது தப்பறை. திருமணமான குருக்கள் மனைவியரைப் பிரிய வேண்டும். அங்கமாலியில் மார் ஆபிரகாம் கட்டிய ஆலயம் ரப்பான் ஹோர்மிஸ்த் என்ற துறவியின் பெயரைத் தாங்கியது. அவர் நெஸ்தோரியர் என்று கூறி அப்பெயரும் மாற்றப்பட்டது. ஈராக்கில் அல்கோஷ் ஊரின் மலைமேல் அதே ஹோர்மிஸ்தின் பெயரால் நிற்கும் தொன்மையான மடம் இன்று கல்தேயக் கத்தோலிக்கருடையது என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நூல்கள். சிரிய மொழி நூல்களின் நீண்ட பட்டியல் ஒன்று சங்கத்தில் கண்டிக்கப்பட்டது. நிசிபிஸ் நகரத்து ஆயர் அப்தீசோ எழுதிய 'முத்து' என்னும் இறையியல் நூலும் அதில் அடங்கும். எல்லா ஆலயங்களும் எல்லாக் குருக்களும் தம்மிடமுள்ள ஏடுகளை ஒப்படைக்க வேண்டும். மறுப்பவர் திருச்சபைக்குப் புறம்பாக்கப்படுவார். சங்கம் முடிந்ததும் மெனேசிஸ் ஆலயம் ஆலயமாகச் சென்றார். சில ஏடுகள் திருத்தப்பட்டன. பல நெருப்பில் இடப்பட்டன. இதை எதிரிகள் புனைந்து கூறவில்லை. மெனேசிஸின் பயணத்தைப் பெருமிதத்தோடு எழுதி 1606இல் கோயிம்பிரா நகரில் வெளியிட்ட அவருடைய சொந்தச் சபைத் துறவி அந்தோனியோ டெ கோவேயாவே பதிவு செய்திருக்கிறார்.

எரியாமல் தப்பிய ஓர் ஏட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வத்திக்கான் நூலகத்தில் சிரிய ஏடு எண் 22 என்று குறிக்கப்பட்ட ஒரு கையெழுத்துப் பிரதி உள்ளது. பவுல் திருமுகங்களின் திருப்பலி வாசகங்கள் அடங்கியது. 1301ஆம் ஆண்டு கொடுங்கல்லூரில், சக்கரியா என்ற இளம் திருத்தொண்டர் அதைப் படியெடுத்தார். அப்போது அவருக்கு வயது 14. ஏட்டின் இறுதியில் தம் ஆசிரியரைப் பற்றியும் ஆயர் மார் யாக்கோபைப் பற்றியும் முதுபெரும் தந்தை மூன்றாம் யாபல்லாகாவைப் பற்றியும் குறித்திருக்கிறார். (முன்னர் சொன்ன மார் யாக்கோபுக்கு இருநூறு ஆண்டுகள் முற்பட்ட, அதே பெயருடைய வேறோர் ஆயர் இவர்.) அந்த முதுபெரும் தந்தை சீன நாட்டிலிருந்து வந்த துறவி. கொடுங்கல்லூரில் ஒரு சிறுவன், ஈராக்கிலிருந்த சீனத்துத் தந்தையின் பெயரை, இயேசுவின் மொழியில் எழுதுகிறான். இந்தியாவில் எழுதப்பட்டுக் கிடைத்துள்ள சிரிய ஏடுகளில் மிகப் பழையது அதுவே. அதற்கு முற்பட்ட ஏடுகள் எத்தனையோ அச்சமூகத்தில் இருந்திருக்க வேண்டும்.

இவ்வேட்டை நினைக்கும்போதெல்லாம் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் கொப்பியை நிரப்பும் உங்கள் பிள்ளைகளை நினைக்கிறேன். இன்னொரு நெருப்பையும் நினைக்கிறேன். 1981 ஜூன் முதலாம் நாளின் முன்னிரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. அந்நாளில் நான் இளம் குருமாணவன். பன்மொழி அறிஞரும் குருவுமான தாவீது அடிகளார், எரியும் நூலகத்தைக் கண்ட அதிர்ச்சியில் உயிர் நீத்தார் என்பதை யாழ்ப்பாணம் இன்றும் நினைவுகூர்கிறது. நூல் எரிவது என்றால் என்னவென்று நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு மக்களின் நினைவை அழிக்கும் செயல் அது என்று நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக உலகுக்குச் சொல்லி வருகிறோம். அப்படியானால், அங்கமாலி மக்களும் அதையே சொல்லும்போது, "அது தப்பறையைத் திருத்தியது" என்று நாம் எப்படிச் சொல்ல முடியும்?

தமிழ்க் கத்தோலிக்கராகிய நமக்கு இதில் இன்னொரு நெருக்கமும் உண்டு. சங்கத்துக்குப் பின் அச்சமூகத்துக்கு ஆயராக நியமிக்கப்பட்டவர் பிரான்சிஸ்கோ ரோஸ் என்ற இயேசு சபைக் குரு. சிரிய மொழியில் புலமை பெற்று, அந்த ஏடுகளில் தப்பறை தேடியவர். மதுரைப் பணித்தளம் அவருடைய ஆட்சிக்குள் வந்தது. 1606இல் மதுரைக்கு வந்து, காவி உடுத்தி, தமிழ் கற்று, தத்துவ போதகர் என்று பெயர் பெற்ற இராபர்த்து தெ நொபிலி அடிகளாரைக் கோவாவில் பலர் பழித்தபோது, அவருக்குத் துணை நின்றவர் இதே ரோஸ்தான். நொபிலியின் வழக்கு உரோமைவரை சென்று, 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியின் ஆணையால் அவருக்குச் சாதகமாக முடிந்தது. நம் தமிழ் வழிபாட்டு மரபுக்கு இடமளித்த அதே கைகள், நம் அயலாரின் சிரிய மரபுக்கு இடமளிக்கவில்லை. ஒருவரைப் புரிந்துகொள்ளும் மனம் மற்றவரிடம் மூடிக்கொள்வது இன்றும் நம் பங்குகளில் நடப்பதுதானே?

அச்சத்தினால் கட்டிய ஒற்றுமை ஐம்பத்து நான்கு ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை. 1652இல் மார் அகத்தல்லா என்ற கீழைத்தேய ஆயர் மயிலாப்பூருக்கு வந்தார். அங்கே தடுத்து வைக்கப்பட்டார். தோமையாரின் கல்லறைக்குத் திருப்பயணமாகச் சென்ற இரு மலபார்த் திருத்தொண்டர்கள் அவரைச் சந்தித்து, செய்தியை ஊருக்குக் கொண்டு சென்றார்கள். அவரைக் கோவாவுக்கு ஏற்றிச் சென்ற கப்பல் கொச்சியில் நின்றபோது, ஒருமுறை அவரைக் காணவாவது விடுங்கள் என்று மக்கள் திரண்டு கெஞ்சினார்கள். அனுமதி கிடைக்கவில்லை. அவர் கடலில் மூழ்கடிக்கப்பட்டார் என்ற செய்தி பரவியது. உண்மையில் அவர் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டு, உரோமைக்குச் செல்லும் வழியில் பாரிசில் இறந்தார் என்பது இன்றைய ஆய்வாளர் முடிவு. ஆனால் கரையில் நின்ற மக்களுக்கு அது எப்படித் தெரியும்?

1653 சனவரி 3 அன்று மட்டாஞ்சேரியில், ஆலயத்துக்கு வெளியே நின்ற கற்சிலுவையில் கயிறுகளைக் கட்டி, அவற்றைப் பற்றிக்கொண்டு, பேராயர் கார்சியாவுக்கும் இயேசு சபையினருக்கும் இனிக் கீழ்ப்படிவதில்லை என்று அவர்கள் ஆணையிட்டார்கள். கூனன் குருசு சத்தியம் என்று வரலாறு அதைக் குறிப்பிடுகிறது. அதே ஆண்டு மே மாதம் பன்னிரு குருக்கள் கைகளை வைத்து, அர்க்கதியாக்கோன் தோமாவை ஆயராக்கினார்கள். பின்னர் பலர் கத்தோலிக்க ஒன்றிப்புக்குத் திரும்பினார்கள். சீரோ மலபார்த் திருச்சபை அவர்களுடைய வழிவந்தது. ஏனையோர் அந்தியோக்கியாவின் சிரிய மரபோடு இணைந்தார்கள். பின்னும் பிரிவுகள் தொடர்ந்தன. ஒரே குடும்பமாயிருந்த மக்கள் இன்று பல திருச்சபைகளாக வாழ்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் நம்மைத் துரத்திய அதே ஒல்லாந்தர் 1663இல் கொச்சியையும் பிடித்து, போர்த்துக்கேயக் கத்தோலிக்கக் குருக்களை அங்கிருந்து வெளியேற்றினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். துரத்தியவர் துரத்தப்பட்டார். இரு பக்கத்திலும் துன்பப்பட்டவர்கள் எளிய மக்களே.

இப்போது அந்தப் பெரியவரின் கேள்விக்கு வருகிறேன்.

1994 நவம்பர் 11 அன்று, திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும் கிழக்கின் அசீரியத் திருச்சபையின் முதுபெரும் தந்தை நான்காம் மார் தின்காவும் வத்திக்கானில் ஒரு பொது அறிக்கையில் கையொப்பமிட்டார்கள். கிறிஸ்து உண்மைக் கடவுளும் உண்மை மனிதருமானவர்; இறைத்தன்மையும் மனிதத்தன்மையும் அவரில் குழப்பமின்றியும் பிரிவின்றியும் ஒன்றித்துள்ளன; இதுவே எங்கள் இருவரின் விசுவாசமும் என்று அறிவித்தார்கள். ஒரு பக்கத்தார் 'கடவுளின் தாய்' என்றும், மறுபக்கத்தார் 'நம் கடவுளும் மீட்பருமான கிறிஸ்துவின் தாய்' என்றும் மரியாவை அழைப்பது, ஒரே விசுவாசத்தின் இரு சரியான வெளிப்பாடுகள் என்று ஏற்றுக்கொண்டார்கள். எபேசுவிலிருந்து 1,563 ஆண்டுகள். உதயம்பேரூரிலிருந்து 395 ஆண்டுகள். எந்தச் சொல்லுக்காக ஏடுகள் எரிந்தனவோ, அந்தச் சொல் தப்பறை அன்று என்று அதே உரோமை கையொப்பமிட்டது. எரிந்தவை மட்டும் திரும்பி வரவில்லை.

2000 மார்ச் 12 அன்று புனித பேதுரு பேராலயத்தில், உண்மையின் பெயரால் திருச்சபையின் மக்கள் இழைத்த வன்முறைக்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டப்பட்டது. அம்மன்றாட்டைத் தொடங்கி வைத்தவர் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயத்தின் தலைவரான கர்தினால் இராட்சிங்கர் என்பது பொருள் மிக்கது. 2015 ஜூன் 22 அன்று தூரின் நகரில், 1184இல் சபிக்கப்பட்ட அந்த வால்தோவின் வழிவந்தவர்களுடைய ஆலயத்துக்கே சென்று, திருத்தந்தை பிரான்சிஸ் மன்னிப்புக் கேட்டார். 2024 நவம்பரில் கிழக்கின் திருச்சபையைச் சேர்ந்த 7ஆம் நூற்றாண்டு ஆயர் நினிவே நகர் ஈசாக்கு, உரோமைத் திருச்சபையின் புனிதர் பட்டியலில் சேர்க்கப்படுவார் என்றும் அவரே அறிவித்தார். பழைய வழக்கில் 'நெஸ்தோரியர்' என்று பெயரிடப்பட்ட ஒருவரிடம் இன்று நாம் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று மன்றாடலாம்.

திருச்சபைச் சட்டம் எண் 844 தெளிவாகவே சொல்கிறது: நம்மோடு முழு ஒன்றிப்பில் இல்லாத கீழைத் திருச்சபைகளின் மக்கள் தாங்களாகவே கேட்டு, தகுந்த மனநிலையோடு வந்தால், கத்தோலிக்கக் குரு அவர்களுக்கு ஒப்புரவு, நற்கருணை, நோயில்பூசுதல் ஆகிய அருள்சாதனங்களை வழங்கலாம். ஆகவே, அன்றைய தினம் அந்த ஈராக்கியத் தாய்க்கு நான் நற்கருணை வழங்கியது சலுகையோ கவனக்குறைவோ அன்று. திருச்சபை சொன்னதைத்தான் செய்தேன். அவர் பதிதர் அல்லர். நம் தோமையாரின் மக்களுக்கு ஆயர்களை அனுப்பி, செபிக்கக் கற்றுத்தந்த திருச்சபையின் மகள். போருக்கும் பகைக்கும் தப்பி ஊரைவிட்டு வந்தவர். ஊரைவிட்டு வருவது என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாப் போதனையும் ஒன்றே, எதையும் நம்பலாம் என்று நான் சொல்வதாக எவரும் எண்ண வேண்டாம். நாற்பது ஆண்டுகளாக இந்தப் பீடத்தில் நிற்கும் நான் அப்படிச் சொல்ல மாட்டேன். விசுவாசத்தில் உண்மை உண்டு, பிழையும் உண்டு. ஆனால் ஒருவருடைய விசுவாசத்தைப் பிழையென்று சொல்லும் முன், அவருடைய மொழியில் அவர் என்ன சொல்கிறார் என்பதை அமர்ந்து கேட்டோமா? உதயம்பேரூரில் ஒரு வாரம் பேசினார்கள், கேட்கவில்லை. 1994இல் கேட்டார்கள். வேறுபாடு அவ்வளவுதான். நம் வீடுகளிலும் இது உண்டு. பெந்தெகொஸ்து சபைக்குப் போய்விட்ட தம்பியோடு பல ஆண்டுகளாகப் பேசாத அண்ணன்மாரை நான் அறிவேன். லூத்தரன் டேனிய மருமகனின் திருமணத்துக்குப் போகாத பெற்றோரையும் அறிவேன். உண்மைக்காக என்று நினைத்தே அவர்கள் விலகியிருக்கிறார்கள். மெனேசிஸ் பேராயரும் அப்படித்தான் நினைத்தார்.

தோமையார் விழாவன்று திருப்பலியின் இறைமக்கள் மன்றாட்டில், உதயம்பேரூரில் மௌனமாக்கப்பட்டவர்களுக்காகவும், அவர்களை மௌனமாக்கிய நம் முன்னோருக்காகவும் சேர்ந்தே வேண்டுவோம். ஈராக்கியக் குடும்பத்தையும் அழைத்திருக்கிறேன். 'பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே' செபத்தை அந்த மூதாட்டி தம் மொழியில் சொல்ல இசைந்திருக்கிறார். ஒருகாலத்தில் கேரளத்தில் எரிக்கப்பட்ட ஏடுகளின் மொழி அது. நம் பெரியவரிடம் இதைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அண்டைக்கு மண்டபத்தில அந்த அம்மாவுக்குப் பக்கத்தில நான் இருக்கிறன் சுவாமி" என்றார்.

இறைவன் உங்கள் குடும்பங்களை நிறைவாய் ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவில் அன்புடன்,
உங்கள் பங்குத்தந்தை
ஹோர்சன்ஸ்